37-ஆம் வசனம் எங்கே? வேதாகமச் செயலி தயாரிப்பவர்களுக்கும் சென்னைப் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

நான் சென்னை அச்சகங்களில் 30 வருடத்துக்கு மேல் புரூஃப் பார்த்தவன். இறையியல் கல்லூரியில் படித்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு கிரேக்கத்தை எழுத்துக்கூட்டி, அகராதி பார்த்து வாசிக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் தகுதி. இருந்தாலும் ஒரு காரியத்தை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

பெரம்பூரில் ஒரு வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வேதபாட வகுப்பு கூடும். போன மாதம் அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரம் வாசித்தோம். எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தில் பிலிப்பு ஏறிக்கொள்கிற பகுதி. ஆளுக்கு ஒரு வசனமாக வாசித்து வந்தோம். 36 முடிந்தது. அடுத்து வாசிக்க வேண்டியவர் எழுபது தாண்டிய ஒரு அம்மா. கிறிஸ்துமஸுக்குப் பேரன் வாங்கிக் கொடுத்த போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து வாசிப்பவர். அவர் வாசிக்கவில்லை. திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"36-க்கு அப்புறம் 38 இருக்குப்பா. 37-ஐக் காணோம். நான் எதையாவது அழிச்சிட்டேனா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர், நல்ல பிள்ளை. தன் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க அழிக்கல ஆன்ட்டி. ஒரிஜினல் கிரீக்ல அந்த வசனமே கிடையாது. இந்த ஆப் ஒரிஜினல்லருந்து நேரா மொழிபெயர்த்தது." எதிரில் இருந்தவர் உடனே தன் வாட்ஸ்ஆப்பைத் திறந்தார். செயலிகள் மூலமாக அந்திக்கிறிஸ்துவின் ஆட்கள் வசனங்களை நீக்கி வருகிறார்கள் என்று அவருக்கு வந்திருந்த செய்தியைச் சத்தமாக வாசித்தார்.

அந்த அம்மா இரண்டு பேரையும் பார்த்தார். "நான் ஞானஸ்நானம் எடுத்தப்போ அந்த வசனத்தைத்தான் மனப்பாடமாச் சொன்னேன். அப்போ நான் சொன்னது வேதத்துல இல்லாததா?"

யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். அப்போஸ்தலர் நடபடிகளை லூக்கா தன் கையால் எழுதிய ஏடு இன்று உலகில் எங்கும் இல்லை. புதிய ஏற்பாட்டின் எந்தப் புத்தகத்துக்கும் அப்படி ஓர் ஏடு இல்லை. இருப்பவை எல்லாம் நகல்கள். கிரேக்கத்தில் மட்டும் 5,000-க்கும் மேல். அவற்றில் மிகப் பழையவற்றில், அதாவது மூன்றாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு ஒன்றிலும் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வாத்திக்கான் பிரதியிலும் சீனாய் பிரதியிலும், இந்த வசனம் இல்லை. ஆனால் "இயேசு கிறிஸ்துவை தேவனுடைய குமாரன் என்று விசுவாசிக்கிறேன்" என்று அந்த மந்திரி அறிக்கையிட்டதை இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சபைத் தலைவர் இரேனியு எடுத்துக் காட்டியிருக்கிறார். 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட ஐரோப்பிய அறிஞர் எராஸ்மு, தன் முக்கியப் பிரதியில் காணாத இதை இன்னொரு பிரதியின் ஓரத்தில் கண்டார். நகலெடுத்தவர் கவனக்குறைவாக விட்டிருப்பார் என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார். 1551-இல் ஸ்தெபானு என்ற அச்சகர் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டபோது இதற்கு 37 கிடைத்தது. பிற்காலத்தில் பழைய பிரதிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த அறிஞர்கள் வசனத்தை அடிக்குறிப்புக்கு இறக்கினார்கள். அதற்குள் உலகம் முழுவதும் அந்த எண்களையே பழகிவிட்டதால் எண்ணை மாற்ற வழியில்லை. 36-க்கு அப்புறம் 38 வருவது இதனால்தான்.

ஆக, அந்த அம்மா சொன்ன அறிக்கை 1,800 வருடத்துக்கு முந்தைய சபைக்கே தெரிந்த அறிக்கை. லூக்கா எழுதியபோதே அது அங்கே இருந்ததா என்பது மட்டும்தான் கேள்வி. "ஒரிஜினல்ல கிடையாது" என்ற தம்பியின் பதில் பாதி சரி. "நீக்கிவிட்டார்கள்" என்ற வாட்ஸ்ஆப் செய்தி அந்த அளவுக்குக்கூடச் சரி கிடையாது. இரண்டு வரி அடிக்குறிப்பு இருந்திருந்தால் மூன்று பேருக்கும் விடை கிடைத்திருக்கும். அந்தச் செயலியில் அடிக்குறிப்பே இல்லை.

வீட்டுக்கு வந்து அதே செயலியை இறக்கி, "எங்களைப் பற்றி" பகுதியைத் திறந்தேன். நான்கு வரி இருந்தது. அதில் ஒன்று: "மூல மொழிகளிலிருந்து நேரடியாக மொழிபெயர்க்கப்பட்டது." எந்தக் கிரேக்கப் பதிப்பு, எந்த எபிரெயுப் பதிப்பு என்று இல்லை. மொழிபெயர்த்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்றும் இல்லை. ஆண்டு இல்லை, பதிப்பு எண் இல்லை. ஒரு கல்யாணப் பத்திரிகைக்குக்கூட அடியில் அச்சகத்தின் பெயர் போடுவோம். புத்தகம் என்றால் முதல் தாளின் பின்பக்கத்தில் பதிப்பு விவரம் இல்லாமல் நான் வேலை பார்த்த எந்த அச்சகமும் மெஷினை ஓட்டாது. வேதாகமத்துக்கு அந்தப் பக்கம் வேண்டாமா?

செயலி செய்கிற சகோதரர்களே, உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. கண் பார்வை மங்கியவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கண்ணே தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுகிறீர்கள். மின்சார ரயிலில் பீச்சிலிருந்து தாம்பரம் போகிற பிள்ளைகள் நின்றுகொண்டே ஒரு சங்கீதம் வாசித்து முடிக்கிறார்கள். இதற்கெல்லாம் நன்றி. என் வருத்தம் "மூலம்" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றியது. அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1715-இல் தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தபோது அங்கிருந்து ஓர் அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் மிஷனெரி பப்ரிசியுஸ் ஐயரிடம் சேர்ந்தது. அவர் 1742-இல் சென்னைக்கு வந்தவர். 1791-இல் சாகும்வரை தமிழ் வேதாகமத்தோடுதான் வாழ்ந்தார். பழைய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்ததை அவர் பார்க்கவில்லை. அப்புறம் மிஷனெரி பெர்சிவல் ஐயரின் மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலர் துணை நின்றார். சைவத்தில் ஊறியவர், தமிழுக்காக அந்த வேலையில் உட்கார்ந்தார். அதற்குப் பின் போவர் ஐயரும் அவரோடு முத்தையா பிள்ளையும் குழுவாரும் உழைத்து 1871-இல் வந்ததுதான் இன்றைக்கும் நம் கையில் இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு. யார் செய்தார்கள், எந்த ஊரில், எத்தனை வருடம் என்று இத்தனை காலம் கழித்து நம்மால் சொல்ல முடிகிறது. போன வருடம் வந்த செயலியைப் பற்றி அது முடியவில்லை.

பழையதுதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெரியவர்கள் கையில் இருந்த கிரேக்கப் பாடம் எராஸ்மு வழி வந்த அச்சுப் பாடம். 1 யோவான் 5:7-இல் "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி" என்று வருகிற வரி எராஸ்முவின் முதல் இரண்டு பதிப்புகளில்கூட இல்லை. 1522-இல் மூன்றாம் பதிப்பில்தான் நுழைந்தது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அது இருக்கிறது. எபேசு பட்டணத்துத் தேவதையை அது "தியானாள்" என்கிறது. கிரேக்கத்தில் இருப்பது அர்த்தெமி. தியானாள் ரோமருடைய லத்தீன் பெயர், ஐரோப்பிய வேதாகமங்கள் வழியாகத் தமிழுக்கு வந்தது. நான் சிறுவயதிலிருந்து நேசிக்கிற புத்தகத்தைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, கிரேக்கம் தெரியாத ஒருவர் இந்த "நேரடி" என்ற வார்த்தையை எப்படிச் சோதிப்பது? தமிழே நமக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒருவரைச் சொன்னாலும் பலரைச் சொன்னாலும் "யூ"தான். கிரேக்கத்தில் ஒருமை வேறு, பன்மை வேறு, தமிழைப் போலவே. இப்போது லூக்கா 22:31, 32-ஐத் திறந்து பாருங்கள். சீமோனே சீமோனே என்று ஆண்டவர் ஒருவனைத்தான் கூப்பிடுகிறார். ஆனால் சாத்தான் "உங்களை"ப் புடைக்க உத்தரவு கேட்டான் என்கிறார். அடுத்த மூச்சில் "உனக்காக" வேண்டிக்கொண்டேன் என்கிறார். புடைக்கப்படப் போவது எல்லாச் சீஷரும். ஜெபம் அந்த ஒருவனுக்கு, அவன் எழுந்து மற்றவர்களைத் தாங்கவேண்டும் என்பதற்காக. கிரேக்கத்தில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பும் அதை அப்படியே காத்திருக்கிறது. யோவான் 3:7-உம் இப்படித்தான். "நீங்கள்" மறுபடியும் பிறக்கவேண்டும் என்று "உனக்கு" சொன்னேன் என்று நிக்கொதேமுவிடம் சொல்கிறார். அவன் ஒருவன் மூலமாக ஒரு கூட்டத்தையே பார்த்துப் பேசுகிறார்.

நான் இந்த இரண்டு இடங்களையும் நான்கு செயலிகளில் பார்த்தேன். மூலத்திலிருந்து நேரடி என்று போட்டிருந்த ஒன்றில், லூக்காவில் இரண்டு வரியிலும் "உன்னை", "உனக்காக" என்றே இருந்தது. பன்மை போய்விட்டது. கிரேக்கத்தைப் பார்த்து எழுதிய கைக்கு இங்கே தவறுவது கடினம். ஆங்கிலத்தைப் பார்த்து எழுதிய கைக்கு எளிது. ஒரு வசனத்தை வைத்து முழுப் புத்தகத்துக்கும் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் புரூஃப் பார்ப்பவனுக்கு ஒரு பக்கத்தில் ஒரு பிழை கிடைத்தால் அடுத்த பக்கத்தை இன்னும் மெதுவாகப் பார்க்கத் தோன்றும். இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு: புதிய மொழிபெயர்ப்புகளில் "நீங்கள்" மரியாதைக்காக ஒருவருக்கும் வரும். அதனால்தான் "உன்னை" என்று கூசாமல் ஒருமை போட்டிருக்கிற இடத்தில் சோதிப்பது நல்லது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. தமிழ் கேட்கிற சில கேள்விகளுக்குக் கிரேக்கத்தில் பதிலே கிடையாது. படகில் புயல். சீஷர்கள் ஆண்டவரை எழுப்புகிறார்கள். மாற்கு 4:38-இல் பழைய மொழிபெயர்ப்பு, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்கிறது. நாங்களா, நாமா? கிரேக்க வினைச்சொல்லில் தன்மைப் பன்மை மட்டும்தான் இருக்கிறது. கேட்பவரைச் சேர்த்தா, விட்டா என்று அது சொல்லாது. "நாங்கள்" என்றால் சாகப்போவது அவர்கள், தூங்குகிறவருக்கு ஒன்றும் ஆகாது என்று எங்கோ நம்புகிறார்கள். "நாம்" என்றால் அவரும் நம்மைப்போல் மூழ்கிவிடுவார் என்று பயப்படுகிறார்கள். ஒரு சொல் மாறினால் அந்தச் சீஷர்களின் விசுவாசமே வேறாகத் தெரிகிறது. அந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஜெபித்து, யோசித்து, ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்கிறார். அவர் தெரிந்தெடுத்தார் என்பது வாசகனுக்குத் தெரியவேண்டும். "மூலத்தில் உள்ளபடியே" என்று முகப்பில் போட்டுவிட்டால் அந்தத் தெரிவு மறைந்துபோகிறது.

போதகர் ஐயாமார்களே, அடுத்தது உங்களிடம்.

இப்போது பல செயலிகளில் தமிழ்ச் சொல்லைத் தொட்டால் ஒரு எண் வருகிறது. எண்ணைத் தொட்டால் கிரேக்கச் சொல்லும் அதன் அர்த்தங்களும் வருகின்றன. அந்த எண்கள் 1890-இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங் வெளியிட்ட சொல்லடைவிலிருந்து வந்தவை. 1611-இன் ஆங்கில வேதாகமத்தில் ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவதற்காக அவர் செய்தது. மகத்தான உழைப்பு. ஆனால் அது சொல்லைக் கண்டுபிடிக்க உதவும் கருவி. அந்த வசனத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தீர்ப்புச் சொல்லாது. தமிழ் தெரியாத ஒருவர் "ஆறு" என்ற சொல்லைத் தொட்டால் நதி, எண், வழி, சூடு தணி என்று நான்கும் வரும். "காபி ஆறுகிறது" என்ற வாக்கியத்தில் நதியின் ஆழமான சத்தியம் ஒளிந்திருக்கிறது என்று அவர் பிரசங்கித்தால் நாம் ஒத்துக்கொள்வோமா?

நாம் சபை என்று சொல்கிற எக்லேசியா என்ற கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "வெளியே அழைக்கப்பட்டவர்கள் என்பதுதான் மூல அர்த்தம்" என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டுவிட்டேன். சொல் பிறந்த விதம் அப்படித்தான். ஆனால் அப்போஸ்தலர் 19-இல் எபேசு அரங்கசாலையில் தேவதைக்காகத் தொண்டை கிழியக் கத்தின கும்பலுக்கும் லூக்கா போடுவது இதே எக்லேசியாதான், இரண்டு தடவை. அவர்களை உலகத்திலிருந்து யார் வெளியே அழைத்தது? சொல் பிறந்த இடத்தில் ஒரு பொருள், புழங்குகிற இடத்தில் வேறு பொருள். திருக்குறளில் 935-ஆம் குறளிலும் 937-ஆம் குறளிலும் "கழகம்" என்றால் சூதாடும் இடம். இன்றைக்கு ஆசிரியர் கழகம், தமிழ்க் கழகம் என்று எழுதுகிறோம். குறளை ஆதாரம் காட்டி ஆசிரியர்களைச் சூதாடிகள் என்று யாரும் சொல்வதில்லை. நம் மொழியில் தெரிகிற இந்த நியாயம் கிரேக்கத்துக்குப் போனதும் நமக்கு மறந்துவிடுகிறது.

என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று ஆண்டவர் பேதுருவைக் கேட்கிற யோவான் 21-உம் அப்படி. அகபே தெய்வீக அன்பு, பிலியோ மனித அன்பு; பேதுரு கீழே நிற்கிறான், ஆண்டவர் அவன் மட்டத்துக்கு இறங்கி வருகிறார் என்ற பிரசங்கத்தைக் கேட்டு நானே அழுதிருக்கிறேன். பழைய மொழிபெயர்ப்பாளர்களும் "அன்பாயிருக்கிறாயா", "நேசிக்கிறேன்" என்று இரண்டு வினைகளையும் பிரித்தே காட்டினார்கள். ஆனால் பிதா குமாரனிடத்தில் அன்பாயிருக்கிறார் என்பதற்கு யோவான் 3:35-இல் முதல் வினையும் 5:20-இல் இரண்டாவது வினையும் வருகின்றன. பிதாவின் அன்பில் ஏது மேல்மட்டம், கீழ்மட்டம்? தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமார்மேல் கொண்ட கெட்ட ஆசைக்கும் கிரேக்கப் பழைய ஏற்பாடு அகபே என்றே எழுதுகிறது. ஆண்டவர் பேதுருவை மூன்று முறை கேட்டதும், மூன்றாம் முறை அவன் துக்கப்பட்டதும் வசனத்திலேயே இருக்கின்றன. அழுவதற்கு அதுவே போதும்.

ஊசியின் காதில் நுழைவது ஒட்டகமல்ல, கயிறு. அரமேயிக் மூலத்தில் அப்படித்தான் என்பதும் அடிக்கடி வருகிறது. நம் கையில் இருக்கும் சுவிசேஷங்கள் கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. கயிறு என்று படிக்கத்தக்க எழுத்து பிற்காலத்துப் பிரதிகள் சிலவற்றில் மட்டுமே உண்டு. யூதர்களின் பழைய போதனைத் தொகுப்பான தல்மூதில் ஊசிக் காதில் நுழைய முடியாத யானையே வருகிறது. நடக்கவே முடியாத காரியம் என்று காட்டத்தான் அவ்வளவு பெரிய மிருகம்.

இன்னொன்று, இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அச்சடித்த வேதாகமம் ராத்திரியில் மாறாது. செயலி மாறும். போன வாரம் ஒரு மாதிரி இருந்த வசனம் இந்த வாரம் அப்டேட் ஆனபின் வேறு மாதிரி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மாற்றினோம் என்று ஒரு வரி அறிவிப்பு இல்லை. பழைய மொழிபெயர்ப்பைத் தட்டச்சு செய்து ஏற்றிய செயலி ஒன்றில் எபேசியர் 5:27-இல் "கறைதிரை" என்பது "கரைதிரை" என்று கிடந்தது. கறை இல்லாத சபையைப் பற்றிய வசனத்திலேயே அந்தக் கறை. மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தேன், பதில் வரவில்லை. யார் பொறுப்பு என்று பெயரும் இல்லை, போய்க் கேட்க முகவரியும் இல்லை.

அதனால் நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். செயலியைத் திறந்ததும் விரலுக்கு எட்டுகிற இடத்தில் பதிப்பு விவரப் பக்கம் வையுங்கள். புதிய ஏற்பாட்டுக்கு எந்தக் கிரேக்கப் பதிப்பு, பழைய ஏற்பாட்டுக்கு எந்த எபிரெயுப் பதிப்பு என்று எழுதுங்கள். மொழிபெயர்த்தவர்களில் யாருக்கு அந்த மொழிகள் தெரியும், யார் தமிழைச் சரிபார்த்தார்கள் என்று எழுதுங்கள். ஆங்கிலத்திலிருந்து செய்து பிறகு கிரேக்கத்தோடு ஒப்பிட்டிருந்தால் அப்படியே சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கணினி முதல் வரைவு போட்டு மனிதர் திருத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். வசனம் விடுபட்ட இடத்தில் எண்ணை மட்டும் தாண்டிப் போகாமல், ஏன் என்று இரண்டு வரி சேருங்கள். ஒரு சொல்லை மாற்றினால் தேதி போட்டு மாற்றுங்கள்.

போதகர் ஐயாமார்களே, சபையில் ஒரு செயலியைப் பரிந்துரைக்கும் முன் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். கீழ்ப்பாக்கத்தில் குருக்குல் இறையியல் கல்லூரி இருக்கிறது. மூலமொழிகள் கற்றுத் தேர்ந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். "மூலத்தில் இப்படி இருக்கிறது" என்று பிரசங்கபீடத்தில் சொல்லும் முன் அவர்களில் ஒருவருக்கு ஒரு போன் போடலாமே.

போன வெள்ளிக்கிழமை அந்த அம்மா போனோடு தன் பழைய வேதாகமத்தையும் பையில் எடுத்து வந்தார். அட்டை பிரிந்து, துணி ஒட்டித் தைத்தது. 37-ஆம் வசனத்தின் ஓரத்தில் மங்கிய மையில் அவருடைய ஞானஸ்நானத் தேதி எழுதியிருந்தது. நான் தெரிந்துகொண்டதை எல்லாம் அவருக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "இதை அந்த போன்லயே எழுதிப் போடக்கூடாதாப்பா?" என்றார்.

அவருடைய கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தை நீங்கள் எழுதினால், தமிழுக்குப் புரூஃப் பார்க்க ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள். திங்கள் முதல் வியாழன்வரை காலையில் நான் சும்மாதான் இருக்கிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு விசுவாசி